நின்றவரும் நிறுத்தப்பட்டவரும்

கோவில்பட்டிச் சீமையில் ஆலை வேலையையோ தீப்பெட்டி வேலையையோ இழந்த ஒருவரிடம், "என்ன அண்ணாச்சி, இப்போ வேலைக்குப் போகலையா?" என்று கேட்டுப் பாருங்கள். "நின்னுட்டேன்" என்பார். அவரை நிறுத்தியவர் வேறொருவர் என்பது கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். இலக்கணப்படி அவர் சொன்னது தன்வினை, நடந்ததோ பிறவினை. தாம் செய்யாத வினைக்குத் தாமே எழுவாயாகிக் கொள்கின்ற இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும் மானத்தையும் வேதனையையும் நம் கரிசல் இலக்கியம் எவ்வளவு கண்டு சொல்லியிருக்கின்றது என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

வறுமையைக் கரிசல் எழுத்தாளர்கள் எழுதவில்லை என்று எவரும் குறை கூற இயலாது. வானம் பார்த்த பூமியின் துயரத்தை அவர்களைப் போல் எழுதியவர் தமிழில் அரிது. ஆனால் அத்துயரம் பெரும்பாலும் மழையின் மொழியிலேயே பேசுகின்றது. மழை பொய்த்தால் ஊர் முழுவதற்கும் பொய்க்கின்றது. பருத்தி கருகினால் பக்கத்துப் புஞ்சையிலும் கருகுகின்றது. பஞ்சத்தில் பசி உண்டு, தலைகுனிவு குறைவு. எல்லார் வீட்டு அடுப்பும் அணைந்திருக்கும்போது யார் யாரைப் பார்த்து வெட்கப்படுவது? ஆலை வாயிலில் ஒட்டப்படும் பட்டியல் அப்படிப்பட்டதன்று. அது பெயர் சொல்லி அழைக்கின்றது. (நல்ல ஆயரும் பெயர் சொல்லி அழைத்துத்தான் தம் ஆடுகளை வெளியே கூட்டிச் செல்கின்றார். இந்த வெளியேற்றம் வேறு வகை!) பட்டியலில் இல்லாத அண்டை வீட்டார் மறுநாள் காலையிலும் தூக்குச்சட்டியுடன் அதே சங்கொலிக்குப் புறப்படுகின்றார். பட்டியலில் இருப்பவர் கதவைச் சற்றே சாத்திக் கொள்கின்றார்.

கதவு என்றவுடன், இடைசெவல் தந்த கி. ராஜநாராயணனின் 'கதவு' என்னும் சிறுகதை நினைவுக்கு வராமல் போகாது. தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக் கொண்டு போகின்றார்கள். அந்தக் கதவில் தொங்கி ஆடிய குழந்தைகள், அதில் ஒட்டிய தீப்பெட்டிப் படம், கதவில்லாத வீட்டுக்குள் புகுந்த வாடைக்காற்றில் இறந்து போகும் கைக்குழந்தை என ஒவ்வொன்றும் வாசகர் நெஞ்சில் நிற்பவை. இதைக் கரிசலின் மிகச் சிறந்த கதைகளுள் ஒன்றாகவே நாம் கருதுகின்றோம். எனினும் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த வீட்டின் தந்தை மணிமுத்தாற்றுக்குக் கூலி வேலைக்குப் போயிருக்கின்றார். கதைக்குள் அவர் வருவதே இல்லை. அங்கே வேலை நிலைத்ததா, பாதியில் நின்றதா, வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்ப நாணி வேறெங்கும் அலைந்தாரா என்பவை நம் காதில் விழுவதில்லை. கதையின் வலிமையே அந்த இன்மைதான் என்று வாதிடலாம். ஒரு கதைக்கு அது பொருந்தும். அந்தத் தந்தைக்கென்று வேறொரு கதை வேண்டாமா?

பூமணி இயக்கிய 'கருவேலம்பூக்கள்' திரைப்படம், கரிசல் வீடுகளின் பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆலைகள் விழுங்கியதைக் காட்டியது. காட்ட வேண்டிய காலத்தில் காட்டியது. ஆயினும் அது உள்ளே நுழைபவர்களின் துயரம். ஆலைத் தொழிலாளியாகப் பல்லாண்டு உழைத்த சோ. தர்மனுக்கு 2019ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்த 'சூல்' நாவலோ உருளைக்குடிக் கண்மாயைப் பற்றியது. அதன் பெருமையை நாம் குறைக்கவில்லை. மண்ணின் இழப்பைக் கரிசல் எழுத்து எவ்வளவு விரும்பிச் சொல்கின்றது என்பதற்காகவே குறிப்பிடுகின்றோம். வெளியே வருபவர்களின் வாசலில் நிற்கும் எழுத்து இன்னும் போதவில்லை.

வாசலுக்கோ பஞ்சமில்லை. குச்சி அடுக்குவதும் பெட்டியில் அடைப்பதும் முன்பு பெண்களின் கைகளுக்கு உரியவை. இயந்திரம் வந்த இடங்களில் அக்கைகளுக்கு வேலை குறைந்தது. சில்லறை விலையில் ஒரு பெட்டி 2007 முதல் 2021 நவம்பர் வரை ஒரு ரூபாயாகவே இருந்து, அவ்வாண்டு டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாயிற்று. மெழுகும் அட்டையும் மருந்தும் விலையேறிய காலத்தில் சிறு ஆலைகள் எப்படித் தாங்கும்? அத்தகைய இடங்களில் ஆட்குறைப்புக் கடிதம் என்று ஒன்று வருவதில்லை. "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். அதன் பிறகு சொல்லி அனுப்ப மாட்டார்கள். காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருவிழாவுக்குத் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து சேரும் உறவினர் கேட்கும் "லீவா?" என்ற எளிய கேள்விக்கு அஞ்சியே கொடியேற்றத்துக்கு வராமல் இருப்பவர்களும் உண்டு.

வேலை பறிபோன மனிதனின் உள்ளத்தை நேராகக் காட்டும் ஓர் இலக்கியப் பகுதியைத் தேடுவோர் லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தைத் திறக்கலாம். கணக்கை ஒப்படைக்கச் சொல்லப்பட்ட வீட்டுப் பொறுப்பாளர் தனியே பேசிக் கொள்கின்றார். நிலத்தைக் கொத்த உடலில் வலுவில்லை. இரந்து உண்ண மனம் கூசுகின்றது. இரண்டே வாக்கியங்களில் உடலும் மானமும் தனித்தனியே கணக்குப் பார்க்கப்படுகின்றன. பிறகு அவர் எண்ணுவது பணத்தையன்று. தம்மை வீட்டுக்குள் ஏற்பவர் யார் என்பதை. இங்கும் கதவுதான்! அவர் குற்றம் சாட்டப்பட்டவர். ஆலை மூடலால் வேலையிழந்தவரோ எக்குற்றமும் செய்யாதவர். ஆனால் அந்த இரவின் தனிப்பேச்சு இருவருக்கும் ஒன்றே. மறையுரைகளோ அவருடைய நேர்மையின்மையையும் முன்மதியையும் ஆராய்ந்துவிட்டு, இந்தத் தனிப்பேச்சைத் தாண்டிப் போய்விடுகின்றன. விளக்கத்தில் இது பெருங்குறை என்றே நாம் எண்ணுகின்றோம். வேலையில்லாமை ஒரு தீமை என்று 1981ஆம் ஆண்டில் மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிய பின்னும், வேலையிழந்தவரிடம் "பொறுமையாய் இருங்கள், எல்லாம் நன்மைக்கே" என்று சொல்வது மலிவான இறையியல்.

ஆட்குறைப்புக்கென்று சட்டத்தில் ஒரு வரிசை உண்டு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி, ஒரு பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரே வழக்கமாக முதலில் வெளியேற வேண்டும். 2025 நவம்பரில் அதற்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த தொகுப்பும் இந்த வரிசையைக் கைவிடவில்லை. முதலாளியின் விருப்பு வெறுப்பைத் தடுக்கும் நியாயமான ஏற்பாடு அது. மத்தேயு 20ஆம் அதிகாரத்தின் திராட்சைத் தோட்ட உரிமையாளரோ வரிசையைத் தலைகீழாக்கிக் கடைசியில் வந்தவருக்கு முதலில் கூலி கொடுக்கின்றார். அதை அருளின் உவமை என்று விளக்குவது சரியே. அதற்கு முன் சந்தைவெளியில் நடந்த சிறு உரையாடலையும் நிதானமாய்ப் படிக்க வேண்டும். பொழுது சாயும் வரை ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று அவர் கேட்கின்றார். அவர்கள் நாணவில்லை, தங்களைக் குறைகூறிக் கொள்ளவுமில்லை. தங்களை வேலைக்கு அமர்த்த யாரும் வரவில்லை என்கிறார்கள். அந்த மறுமொழியில் எழுவாய் அவர்களல்லர்.