எடுத்துக்காட்டின் எல்லை

மலை நெருப்புடைத்து, புகையுடைமையின், அடுக்களை போல என்பது அளவை நூலார் பெரிதும் எடுத்தாளும் அனுமானமாகும். இதனைக் கேட்டானொருவன், அடுக்களையிற் சமைப்போனும் உளனாகலின் மலையினும் அவன் உளனாதல் வேண்டும் என்பானாயின், அது நகைப்பிற்கிடமாம். புகை உள்வழி நெருப்பு உண்டு என்னும் வியாப்தியைக் காட்டுதற்கே அடுக்களை வந்தது. அதன்கண் உள்ள பிறவெல்லாம் மலைக்கு ஏற்றப்படா. எடுத்துக்காட்டின் மிகையைப் பக்கத்தின்மேல் ஏற்றும் இப்போலி மறுப்பு, நியாய சூத்திரம் ஐந்தாம் அத்தியாயத்துக் கூறப்படும் 24 சாதிகளுள் ஒன்று. உற்கருடசமம் எனப் பெயர் பெறும்.

இறைவனுண்மை பற்றிய வாதத்திலும் இவ்வழு நிகழக் காணலாம். குடத்திற்கு மண் முதலும், திகிரி துணையும், குயவன் நிமித்தமும் ஆதல்போல, உலகிற்கு மாயையும் சத்தியும் சிவனும் காரணமாதலைச் சிவஞான சித்தியார் சுபக்கம் விளக்கும். குயவன் உடம்புடையனாகலின் இறைவனும் உடம்புடையனாதல் வேண்டும் என்று வாளா கூறுவார் கூற்று அவ்வழுவின்பாற்படும். அற்றன்று, வினைசெய்வாரெல்லாம் உடம்புடையர் என்னும் வியாப்தி பற்றியே கூறினாம் எனின், அது மெய்யான தடையேயாம்; விடைகூறாது கடத்தலாகாது. உயிர் தன் உடம்பை வேறோர் உடம்புகொண்டு இயக்குவதன்மையின் அவ்வியாப்தி பிறழும் என்பதே அதற்கு விடை.

இனி, இவ்வெல்லை எதிர்வாதிக்கு மட்டும் உரியதன்று. குயவனைக் காட்டிய துணையானே இறைவன் உண்மை நிறுவப்பட்டதென்று அமையும் சைவரும் வழுவினாராவர். செயப்பட்டதெல்லாம் செய்வோனை உடையது என்பதற்கு, ஒருவரும் செய்யாது தோன்றும் புல்முளையை எதிர்வாதி காட்டுவன். அம்முளையும் பக்கத்துள் அடங்கும், ஆகலின் பிறழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகாது என்பது நையாயிகர் விடை. அவ்விடை தடையை விலக்குமேயன்றி வியாப்தியை நிலைநாட்டாது. ஐயத்திற்கிடனான முளை, எதிர்வாதிக்குச் சான்றாகாதவாறே வாதிக்கும் சான்றாகாது.

ஆகலின் சித்தாந்தம் உவமையளவில் நில்லாது மேலுஞ் செல்கின்றது. மாயை சடமாகலின் தானே உலகாய் விரியாது. உயிர் அறிகருவியின்றி அறியமாட்டாமையின், ஒடுக்கத்தின்கண் உடம்பைத் தானே கூட்டிக்கொள்ளாது. இவ்விரண்டும் ஒழிந்தவழி எஞ்சுவது பேரறிவுடைய முதற்பொருளே என்பது ஒழிபளவையாற் பெறப்படும். இதனை மறுக்கப் புகுவார், மாயையின் சடத்தன்மையையாயினும் உயிரின் அவ்வியல்பையாயினும் மறுத்தல் வேண்டும். வாதத்தின் உயிர்நிலை அவ்விடத்தது; குயவன்பால் அன்று.

பிறர் கூற்றில் போலி காண்டல் எளிது. அவ்வளவைக் கோலைத் தன் கொள்கைக்கும் இட்டு அளப்பானே அளவை நூல் கற்றதன் பயனை எய்தினான் என்க.