ஒப்பம் யாருக்குக் காவல்?

தம்பானூரில் ரயில் நிலையமும் கேஎஸ்ஆர்டிசி பஸ் நிலையமும் எதிரெதிரே இருக்கின்றன. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வருகிற நோயாளிகள் இங்கே இறங்கி மெடிக்கல் காலேஜ் பஸ் பிடிக்கிறார்கள். அந்த வளாகத்தில்தான் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனமும், ஆர்.சி.சி. என்று எல்லாரும் சொல்லும் மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. ஆனால் பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரம் என்ற பழக்கம் மட்டும் இன்னும் சேரவில்லை. இப்படி வருகிறவர்களில் பலருக்கு மலையாளம் காதுக்குப் பழக்கம், கண்ணுக்கு இல்லை. பேசினால் புரியும், அச்சில் வந்தால் எழுத்தே தெரியாது.

மருத்துவ ஆராய்ச்சியில் ஆளைச் சேர்ப்பதற்கு முன் எழுத்தில் ஒப்புதல் வாங்கும் வழக்கத்தை இந்த நோயாளியின் இடத்தில் நின்றுதான் எடைபோட வேண்டும். வழக்கம் நல்ல வம்சத்தில் பிறந்தது. நாஜி மருத்துவர்களை விசாரித்த நியூரம்பர்க் தீர்ப்பு (1947), உலக மருத்துவர் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம் (1964), நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 1980இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை என்று அதன் வழி நீளும். ஒருவர் உடம்பின் மேல் அவரைக் கேட்காமல் யாரும் எதையும் சோதிக்கக் கூடாது என்பதே மூலக்கருத்து. இதை மறுப்பவர் யாரும் இல்லை. என் வழக்கெல்லாம் அந்தக் கருத்து ஒரு தாளாகச் சுருங்கிப்போனதைப் பற்றியது.

முதலில் தாளின் பக்கம் நின்று பேசுவோம். 1999-2000இல் இதே ஆர்.சி.சி.யில் வாய்ப்புற்று நோயாளிகள் 25 பேருக்கும் மேல், அறுவைச் சிகிச்சைக்கு முன், ஒரு சோதனை மருந்து கட்டியில் ஊசியாகச் செலுத்தப்பட்டது. மருந்து அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருடையது. மையத்துக்குள்ளேயே இருந்த ஒரு மருத்துவர் எதிர்ப்புக் குரல் எழுப்ப, விவகாரம் 2001இல் பத்திரிகைகளுக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஹாப்கின்ஸ் தன் விசாரணை முடிவை வெளியிட்டது: பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெறவில்லை, முன்கூட்டிய பாதுகாப்புச் சோதனைகள் போதவில்லை, நோயாளிகளிடம் வாங்கிய ஒப்புதலும் சரியில்லை. கடைசிக் குறையைக் கண்டுபிடிக்க முடிந்தது எதனால்? படிவம் என்று ஒன்று இருந்ததால். வாய்வார்த்தையாக மட்டும் நடந்திருந்தால், 'எல்லாம் சொன்னோம்' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் நடந்த எச்.பி.வி. தடுப்பூசித் திட்டமும் அப்படித்தான் சிக்கியது. பல சிறுமிகளின் படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர் கையெழுத்து இருந்ததை வைத்துத்தான் 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாக எழுத முடிந்தது. தாள் சாட்சி சொல்லும். அந்தப் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் அது சொல்லும் சாட்சி என்ன? கையெழுத்து விழுந்தது என்பது மட்டும். புரிந்ததா என்பதைப் பற்றித் தாள் வாயே திறக்காது.

இங்கே நுகர்வோர் ஆராய்ச்சி கைகொடுக்கிறது. மருத்துவர்கள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. 2016இல் வட அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், 543 கல்லூரி மாணவர்களை இல்லாத ஒரு சமூக வலைதளத்தில் சேரச் சொன்னார்கள். சேருவதற்குக் கட்டணமாக முதல் குழந்தையைத் தந்துவிட வேண்டும் என்று விதிமுறைகளில் ஒரு வரி இருந்தது. 98 சதவீதம் பேர் அதைக் கவனிக்காமலே சம்மதித்தார்கள். படித்தவர்கள், அவசரம் இல்லாதவர்கள், நோய் இல்லாதவர்கள். சிம் கார்டு, வங்கிக் கணக்கு, எல்.ஐ.சி. பாலிசி என்று வாழ்நாள் முழுக்கப் 'பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்து' போட்டுப் பழகிய நாம், வார்டில் நீட்டப்படும் தாளை மட்டும் வேறு மாதிரி நடத்துவோம் என்று எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் இல்லை.

மருத்துவமனையில் இன்னொன்றும் சேர்கிறது. எதிரே நிற்பவர் டாக்டர். அவர் தருவது எதுவானாலும் சிகிச்சை என்றுதான் நோயாளி நினைப்பார். குலுக்கல் முறையில் தனக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கிடைக்கலாம் என்பது மனதில் ஏறாது. ஆராய்ச்சியைச் சிகிச்சை என்று எடுத்துக்கொள்ளும் இந்தத் தவறான புரிதலை 1982இலேயே அமெரிக்க மனநல மருத்துவர் பால் அப்பல்பாம் குழுவினர் சுட்டிக்காட்டிவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளாகப் படிவங்கள் நீண்டனவே தவிர, இந்தக் குழப்பம் தீரவில்லை. நீளம் கூடக்கூட வழக்கறிஞருக்குப் பாதுகாப்பு, வாசிப்பவருக்குக் களைப்பு.

மொழிக்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகள், பங்கேற்பவருக்குப் புரிகிற, துறைச்சொல் இல்லாத மொழியில் எழுத்தாகவும் வாய்மொழியாகவும் விளக்க வேண்டும் என்கின்றன. ஆகவே குமரிக்காரருக்குத் தமிழ்ப் படிவம் தந்தாக வேண்டும். சட்டப்படி சரி. ஆனால் மொழியை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் கல்விக் கொள்கையைப் பற்றிய ஒரு தப்புக்கணக்கில் நிற்கிறது. தமிழ்நாடு 2006இல் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கச் சட்டம் இயற்றியது. கேரளம் 2017இல் மலையாளத்துக்கு அதையே செய்தது. இரண்டும் எந்த மொழியைப் படிக்க வேண்டும் என்று சொல்கின்றன. அந்த மொழியில் என்ன செய்யத் தெரிய வேண்டும் என்பதில் அக்கறை குறைவு. நம் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் படிவம் நிரப்பும் கேள்வி உண்டு. நூலக உறுப்பினர் படிவம், மேல்நிலைச் சேர்க்கை விண்ணப்பம் போன்றவை வரும். பெயர், முகவரி, இடம், நாள், ஒப்பம், முழு மதிப்பெண். படிவத்தைக் கேள்வி கேட்கவோ, அதில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்க்கவோ எந்த வினாத்தாளும் சொன்னதில்லை. மொழிக்காக இவ்வளவு அரசியல் செய்த இரண்டு மாநிலங்கள், கையெழுத்து போடாமல் இருப்பதும் ஒரு மொழித்திறன் என்று கற்றுக்கொடுக்கவில்லை.

வீடியோ பதிவு இதைச் சரிசெய்யும் என்று நம்பியவர்கள் உண்டு. 2013இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் வாங்குவதை ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொன்னது. பின்னர் அது சுருங்கி, முற்றிலும் புதிய மருந்து மூலக்கூறுகளின் சோதனையில், எளிதில் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களுக்கு மட்டும் என்றானது. கேமரா முன்னால் தலையாட்டாத நோயாளி அபூர்வம் என்பதால், எனக்கு இந்தச் சுருக்கத்தில் பெரிய வருத்தம் இல்லை.

புரியவைப்பதில் வேலை செய்வது எது என்பதற்கு விடை புதிதல்ல. ஃப்ளோரி, இமானுவேல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2004இல் 'ஜாமா' இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வீடியோவால் பெரிய பலன் இல்லை. ஓர் ஆள் எதிரே உட்கார்ந்து கூடுதல் நேரம் பேசியதில்தான் புரிதல் அதிகம் கூடியது. ஆர்.சி.சி.யின் சொந்த வரலாற்றிலும் இதற்குப் பொருத்தமான ஒன்று உண்டு. 1996இல் தொடங்கிய வாய்ப்புற்றுப் பரிசோதனை ஆய்வில், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற பணியாளர்கள் திருவனந்தபுரம் மாவட்ட ஊராட்சிகளில் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தார்கள். ஒப்பீட்டுப் பகுதிகளையும் சேர்த்து ஆய்வில் மொத்தம் 13 பகுதிகள், ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. பரிசோதனை கிடைக்காத ஒப்பீட்டுப் பகுதி மக்களைப் பற்றி எனக்குக் கேள்விகள் உண்டு. இருந்தாலும், திண்ணையில் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஆட்களால் இவ்வளவு பெரிய ஆராய்ச்சி நடக்கும் என்பது இந்த ஊரிலேயே நிரூபணமானது.

பேச்சுக்கும் ஆபத்து உண்டு. நன்றாகப் பேசுகிறவர் நன்றாக மயக்கவும் செய்வார். நோயாளியைச் சேர்த்தால்தான் ஆய்வு நகரும் என்ற நிலையில் இருப்பவரிடம் விளக்கும் பொறுப்பைத் தருவது, கடைக்காரரிடமே தராசைச் சரிபார்க்கச் சொல்வது மாதிரி. ஆகவே விளக்குகிறவர் ஆய்வுக் குழுவுக்கு வெளியே இருக்க வேண்டும், நோயாளியின் பேச்சுமொழி தெரிந்தவராக இருக்க வேண்டும், அவருக்கான சம்பளம் ஆய்வு பட்ஜெட்டில் தனியாக இருக்க வேண்டும். கேட்டதை நோயாளி தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே பேனா வெளியே வர வேண்டும். நெறிமுறைக் குழுவில் துறை சாராத ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. படிவத்தை அவர் முதலில் உரக்கப் படித்துக் காட்டட்டும். அவர் திணறும் வரியை அடித்துவிடலாம். தாளை ஒழிக்க வேண்டாம். ஒரு பக்கத்துக்குக் குறைத்து, பேச்சுக்குப் பின்னால் நிறுத்தினால் போதும்.

அதுவரை மெடிக்கல் காலேஜ் பஸ் ஏறுகிறவர்கள் மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளலாம். இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? மாட்டேன் என்று சொன்னால் எனக்கு என்ன வைத்தியம் கிடைக்கும்? ஏதாவது ஆனால் செலவு யாருடையது? மருந்துச் சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு என்று 2019 விதிகள் சொல்கின்றன. கையெழுத்திட்ட படிவத்தின் நகல் ஒன்றை உங்கள் கையில் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.