கண்ணீர்ப் புரத ஆய்வு: ஒரு மதிப்பீடு

உயிருள்ள ஒருவரின் விழித்திரையை ஆய்வுக்கென வெட்டியெடுக்க இயலாது. ஆனால் கண்ணீரை ஊசியோ கத்தியோ இன்றி, அதே நோயாளியிடமிருந்து மீண்டும் மீண்டும் பெறலாம். கண் நோய்களைப் புரதங்களின் வழியே அறிய முயல்வோர் கண்ணீரை நாடுவதற்கு இந்த எளிமையே முதற்காரணம்.

புரதத்தைத் துண்டுகளாக்கி, அத்துண்டுகளின் நிறையைக் கொண்டு அது இன்னதென அடையாளம் காட்டும் நிறை நிறமாலைமானியின் துணையால், 2006இல் வெளியான ஆய்வொன்று கண்ணீரில் 491 புரதங்களையும், 2012இல் வெளியான மற்றொன்று 1,543 புரதங்களையும் இனங்கண்டன. இவ்வளர்ச்சி பாராட்டத்தக்கதே எனினும், பட்டியலின் நீளத்தை அறிவின் ஆழமாகக் கொள்ளலாகாது. பாக்டீரியாவின் செல்சுவரை உடைக்கும் லைசோசைம், இரும்பைப் பற்றிக்கொண்டு கிருமிகளுக்குக் கிட்டாமற் செய்யும் லாக்டோஃபெரின் முதலிய சில புரதங்களே கண்ணீரில் பெரும்பங்கு வகிக்க, அழற்சியை அறிவிக்கும் சைட்டோகைன்கள் அவற்றினிடையே மிகச் சிற்றளவில் மறைந்து கிடக்கின்றன.

பெருங்குறை நேர்வது கண்ணீரைச் சேகரிக்கும்போதுதான். 5 மி.மீ. அகலமும் 35 மி.மீ. நீளமும் உடைய, ஷிர்மர் தாள் எனப்படும் உறிஞ்சுதாளின் நுனியை மடித்துக் கீழிமையில் செருகி 5 நிமிடம் வைத்திருக்கையில், அது இமையின் உட்சவ்வை உரசுவதால், உதிரும் செல்களின் புரதங்களும் கசியும் இரத்தநீர்ப் புரதங்களும் மாதிரியில் கலந்துவிடுகின்றன. கண்ணாடி நுண்குழாயால் உறிஞ்சினால் இக்கலப்பு குறையும். ஆயினும் கண்ணின் மேற்பரப்பில் தங்கும் கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டரே என்பதால், சோதனை மிகவும் தேவைப்படும் கண்வறட்சி நோயாளியிடம் போதிய அளவு கிடைப்பதே அரிது. எரிச்சலால் பெருகும் கண்ணீரில் நோயெதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின்-ஏ நீர்த்துப்போகிறது. தூங்கி எழுந்த கண்ணிலோ அதுவே மிகுந்திருக்கிறது. ஆகவே இரண்டு ஆய்வகங்களின் முடிவுகள் முரண்படும்போது, அம்முரண் நோயால் விளைந்ததா, தாளால் விளைந்ததா, மாதிரி எடுத்த நேரத்தால் விளைந்ததா என்று பிரித்தறிவது கடினமாகிறது.

காரணத்தைப் பிரித்தறிய இயலாத இக்குறைக்கு, நடைமுறைக்கு வந்துவிட்ட சோதனைகளும் விலக்கல்ல. எம்.எம்.பி-9 என்னும் திசுச்சிதைப்பு நொதி மில்லிலிட்டருக்கு 40 நானோகிராமை எட்டினால் நிறக்கோட்டால் உணர்த்தும் சோதனை சில நிமிடங்களில் முடிவு தருகிறது. மருத்துவர் அழற்சிக்கான மருந்தைத் தேர இது உண்மையிலேயே உதவும். ஆனால் ஒவ்வாமையிலும் கருவிழிப் புண்ணிலும் இந்நொதி உயர்வதால், அது அழற்சி உண்டு என்று மட்டுமே சொல்லும். அழற்சியின் காரணத்தைச் சொல்லாது.

புதிய நோய்ச்சுட்டிப் புரதத்தை அறிவிக்கும் ஒவ்வோர் ஆய்வும் கண்ணீரைச் சேகரித்த முறையையும் நேரத்தையும் அளவையும் தெரிவிக்க வேண்டும் என ஆய்விதழ்கள் கட்டாயமாக்க வேண்டும். அவ்விவரம் இல்லாத முடிவுகளை நம்பிச் சிகிச்சையைத் தீர்மானிப்பது நோயாளிக்கு இழைக்கும் அநீதியாகும்.