தப்பிப் போன பத்துப் பிழைகள்

டெஸ்டிங் டீம்கள் மாதாமாதம் அனுப்புகிற ரிப்போர்ட்டில் ஒரு எண்ணுக்குத் தனி மரியாதை உண்டு: டிஃபெக்ட் ரிமூவல் எஃபிஷியன்சி. ரிலீஸுக்கு முன்பு பிடித்த பிழைகள், மொத்தப் பிழைகளில் எத்தனை சதவீதம் என்பதுதான் அது. முன்பு 90, ரிலீஸுக்குப் பிறகு பயனர் கண்டது 10 என்றால் 90 சதவீதம். அதே டீம் எழுத்துப்பிழை, பட்டன் நிறம் என்று இன்னும் 100 சில்லறைப் பிழைகளைப் பதிவு பண்ணினால்? 200க்கு 190, 95 சதவீதம். பயனர் தலையில் விழுந்த அந்தப் பத்து அப்படியேதான் இருக்கு! அதில் ஒன்று பணம் கட்டவிடாமல் தடுத்திருக்கலாம், இன்னொன்று கோணலான ஐகானாக இருக்கலாம். கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

எங்க கனகம்மாசத்திரம் பக்கம் பால் ஊத்துறவங்களுக்கு இது புதுசு இல்லை. லாக்டோமீட்டர் பாலின் அடர்த்தியை மட்டும் காட்டும். தண்ணி கலந்தா ரீடிங் இறங்கும், ஆடையை எடுத்தா ஏறும். ரெண்டையும் அளவா செஞ்சா நல்ல பாலோட ரீடிங்கே நிக்கும். அதனாலதான் கொழுப்பையும் தனியா பார்க்கிறாங்க.

கோட் கவரேஜும் இந்த ரகம்தான். லாரா இனோசெம்ட்சேவா, ரீட் ஹோம்ஸ் இருவரும் 2014இல் ஐந்து ஜாவா மென்பொருள்களுக்கு 31,000 டெஸ்ட் தொகுப்புகளை உருவாக்கிப் பார்த்தார்கள். தொகுப்பில் உள்ள டெஸ்ட்களின் எண்ணிக்கையைச் சமமாக்கிவிட்டால், கவரேஜுக்கும் பிழை பிடிக்கும் திறனுக்கும் உள்ள தொடர்பு சுமார்தான். டெஸ்ட் படாத இடத்தைக் கண்டுபிடிக்கக் கவரேஜ் உதவும். "80 சதவீதம் வந்தே ஆகணும்" என்று இலக்கு வைத்தால், எதையும் சரிபார்க்காமல் வரிகளை ஓட்டிவிட்டு வரும் டெஸ்ட்கள்தான் பெருகும்.

நம்ம ஐடி கம்பெனிகள் பெருமையாக மாட்டிவைக்கும் சிஎம்எம்ஐ லெவல் 5 சான்றிதழ், வேலை செய்யும் முறையின் முதிர்ச்சியைப் பற்றியது. அந்தச் சான்று பெற்ற இன்ஃபோசிஸ் உருவாக்கிய வருமானவரித் தளம் 2021 ஜூன் 7 அன்று திறந்தது. ஆகஸ்ட் 23 அன்று அதன் தலைமை அதிகாரி சலில் பரேக்கை நிதி அமைச்சகம் அழைத்து விளக்கம் கேட்டது. கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதி செப்டம்பர் 30இலிருந்து டிசம்பர் 31க்குத் தள்ளிப்போனது. உள்ளே நுழைய முடியாமல் உட்கார்ந்திருந்தவருக்கு எந்த லெவலாக இருந்தால் என்ன?

எண்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பத்துப் பிழைகளும் வரட்டும்: யாருக்கு எந்த வேலை நின்றது, எந்த டெஸ்ட் இருந்திருந்தால் அது மாட்டியிருக்கும் என்று ஆளுக்கொரு வரி. பத்துதானே, ஒரு மத்தியானத்தில் எழுதிவிடலாம்.