ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நெருப்பு

பட்டாசு மருந்து வாசத்தில் வளர்ந்த ஊர்க்காரர்களுக்குத் திரையில் வருகிற நெருப்பு எளிதில் பிடித்துவிடாது. கார் வெடித்துப் பறப்பதையும் கோட்டை பற்றி எரிவதையும் சாத்தூர்ப் பிள்ளைகள் பார்க்கிற பார்வையே வேறு. “இம்புட்டுப் புகை வந்தா இம்புட்டு வெளிச்சம் வராது மாமா” என்று பத்தாம் வகுப்புப் பையன் சொல்லிவிட்டுப் போய்விடுவான். அவன் அம்மா பயர் ஆபீசுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்குப் போகிறவர், பாட்டி தீப்பெட்டி ஆபீசில் இருந்தவர். அப்படிப்பட்ட பையன்கள் குறை சொல்லாமல் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிற ஒரு படம் உண்டு. 2014 ஜூனில் வெளிவந்த ‘ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்’ இரண்டாம் பாகம்.

அவர்களுக்கு அது ஏன் பிடித்தது என்று கேட்டால் முதலில் நெருப்பைத்தான் சொல்கிறார்கள். இந்தப் படத்தில் எல்லா டிராகனும் ஒரே மாதிரி தீ கக்குவதில்லை. இரண்டு தலை கொண்ட ஜிப்பிள்பேக்குக்கு ஒரு தலையிலிருந்து பச்சையாய் வாயு வரும், மற்றத் தலை பொறி தட்டும். “ஒண்ணு மருந்து, ஒண்ணு திரி” என்று இங்கே ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கிரான்கிள் கல்லைத் தின்று குழம்பாகத் துப்பும். மான்ஸ்ட்ரஸ் நைட்மேர் தன் உடம்பிலேயே தீயைப் பூசிக்கொண்டு நிற்கும். கதாநாயகன் ஹிக்கப்பின் தோழனான டூத்லெஸ், நைட் ஃபியூரி இனம். அதற்குத் தீ நாக்கு கிடையாது. முதலில் காதைக் கிழிக்கிற ஒரு சீழ்க்கை, பிறகு ஊதாவும் வெள்ளையுமாய் ஒரு வீச்சு. எரிப்பதைவிட இடிப்பதுதான் அதன் வேலை. புஸ்வாணமும் சரவெடியும் ஒரே மருந்தறையில் பிறந்தாலும் அவற்றின் குணம் வேறு என்று தெரிந்தவர்களுக்கு, இந்த வேறுபாட்டை யோசித்து வைத்தவர்கள் மேல் தானாகவே ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

ஹிக்கப்பின் வாளைப் பாருங்கள். நைட்மேரின் எச்சில் பூசிய அலகு, கைப்பிடிக்குள் ஜிப்பிள்பேக்கின் வாயு. பிடியை அழுத்தினால் அலகு எரிந்துகொண்டே வெளியே வருகிறது. யாரையும் வெட்டுவதற்காக அவன் அதைச் செய்யவில்லை. சினந்து நிற்கிற டிராகனுக்கு முன்னால் நெருப்பைச் சுழற்றிக் காட்டி, தானும் அவற்றின் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று சொல்வதற்காகச் செய்தான். டிராகன்களிடமிருந்தே எடுத்த நெருப்பை அவற்றுக்கே வணக்கமாகத் திருப்பிக் கொடுக்கிறான். கதை எழுதியவருக்கு இது கைவந்த இடம்.

எழுதி இயக்கியவர் டீன் டெப்லோவா. முதல் படத்தை 2010இல் கிறிஸ் சாண்டர்ஸோடு சேர்ந்து செய்தவர், இதைத் தனியாகச் செய்தார். மூலம் கிரெசிடா கோவெல் எழுதிய சிறுவர் நூல் வரிசை. டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் ‘பிரெமோ’ என்ற புதிய மென்பொருளை முதன்முதலில் பயன்படுத்தியது இந்தப் படத்துக்குத்தான். அதுவரை எண்களைத் தட்டி உருவங்களை நகர்த்திக்கொண்டிருந்த அசைவூட்டக் கலைஞர்களால், பேனா போன்ற எழுதுகோலைக் கையில் பிடித்து, திரையிலேயே பாத்திரத்தின் புருவத்தையும் விரலையும் பிடித்து அசைக்க முடிந்தது. பேனா நிப்புக்குப் பெயர் வாங்கிய ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்குத் தனி மகிழ்ச்சி. கையின் நடுக்கம் கோட்டில் இறங்கும் என்பது இங்கே பழைய சேதி.

அந்தக் கை வேலை முழுமையாகத் தெரிவது வால்காவிடம். இருபது ஆண்டு மனிதர் முகம் பார்க்காமல், டிராகன்களோடு பனிக்குகையில் வாழ்ந்த ஹிக்கப்பின் தாய் அவள். ஹிக்கப்பை முதல்முறை நெருங்கும்போது அவள் நடப்பதில்லை. குனிந்து, தோளை முன்னே விட்டு, பக்கவாட்டில் ஊர்ந்து வருகிறாள். தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள். கை நீள்கிறது, பின்வாங்குகிறது, மறுபடி நீள்கிறது. அவன் மோவாயில் உள்ள சிறு தழும்பைப் பார்த்த பிறகுதான் அந்த உடம்பு மெல்ல மனித உடம்பாகிறது. அவள் யாரென்று யாரும் வாய் திறந்து சொல்வதற்குள் நமக்குத் தெரிந்துவிடுகிறது. படம் வருவதற்கு முன்பே முன்னோட்டக் காட்சிகளில் இந்தத் தாய் உறவை உடைத்துவிட்டார்கள் என்று உலகெங்கும் ரசிகர்கள் வருந்தினார்கள். நியாயமான வருத்தம். முன்னோட்டம் எதையும் பார்க்காமல் நேரே படத்தில் உட்கார்ந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பாக்கியசாலிகள். அந்தத் தழும்பு வந்ததும் அறைக்குள் எழுந்த “ஆத்தி” எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஆனாலும் படத்தின் உச்சம் என்று நான் கருதுவது அதற்குப் பிறகு வருகிறது. ஹிக்கப்பின் அப்பாவுடைய தோழன் காபர் முதலில் குகைக்குள் போய், பேயறைந்தவனாய்த் திரும்பி வந்து ஒரு பாறையில் உட்கார்ந்துவிடுகிறான். பிறகு ஹிக்கப்பின் அப்பாவான ஸ்டாய்க் உள்ளே போகிறான். இறந்துவிட்டாள் என்று இருபது ஆண்டுகளாக நினைத்திருந்த மனைவி எதிரே நிற்கிறாள். அவள் பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள்: ஏன் திரும்பி வரவில்லை, ஏன் மகனை விட்டாள், எப்படி மனம் வந்தது என்று அவன் கேட்கக்கூடிய கேள்விகளையெல்லாம் தானே கேட்டு, பின்னுக்குப் பின்னே நகர்ந்து, கத்தாவது செய்யுங்கள் என்று கெஞ்சுகிறாள். அவனோ தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஒவ்வோர் அடியாக வருகிறான். மலை மாதிரி உடம்பு, இடி மாதிரி குரல், முதல் படம் முழுக்கக் கத்தியே காலம் தள்ளிய மனிதன். கையை அவள் கன்னத்தில் வைத்து, தொலைத்த அன்றைக்கு இருந்த அதே அழகு என்று மட்டும் சொல்கிறான். ஜெரார்ட் பட்லரின் குரல் இத்தனை இறங்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு ஸ்டாய்க்கின் சீழ்க்கை. அவள் சாப்பாடு எடுத்துவைக்கிறாள், சமையல் அவளுக்கு வரவில்லை. ஸ்டாய்க் பழைய பாட்டொன்றை உதட்டில் எடுக்கிறான். ஜான் பவல் மெட்டமைத்து, அயர்லாந்துப் பாடகர் ஷேன் மெக்கோவன் சொல் கொடுத்த பாட்டு. அவள் அப்படியே உறைந்து நிற்கிறாள். மறந்துபோனதாக நினைத்த அடி ஒன்று உள்ளேயிருந்து ஏறி வருவதை அவள் கழுத்தில் பார்க்கலாம். காபர் இடம் தவறி நடுவில் புகுந்து பாடி, முறைப்பு வாங்கிக்கொள்கிறான். அவள் ஒரு வரி பாடுகிறாள், கால் அசைகிறது, ஆடுகிறார்கள். எல்லாரும் நிறுத்திய பிறகும் காபர் கடைசிச் சுருதியை விடாமல் இழுக்கிறான். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்பதை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்க்கிற ஹிக்கப்பின் முகத்தை எத்தனை முறை பார்த்தாலும் தகும். டிராகன் படத்தில் டிராகன்கள் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற இந்தச் சில நிமிடங்களைத்தான் ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவர்கள் ரசனை சரியான இடத்தில் நின்றிருக்கிறது.

காபரைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அவனுக்கு ஒரு கையும் ஒரு காலும் கிடையாது. கை இருந்த இடத்தில் வேலைக்குத் தக்கபடி சுத்தியோ கொக்கியோ மாட்டிக்கொள்கிறான். ஹிக்கப்புக்கு முதல் படத்தின் முடிவிலேயே ஒரு கால் போய்விட்டது, டூத்லெஸுக்கு வால் துடுப்பில் பாதி. ஹிக்கப்பின் செயற்கைக் கால் மிதியில் பொருந்தினால்தான் டூத்லெஸின் செயற்கைத் துடுப்பு விரியும், ஒருவர் இல்லாமல் மற்றவர் பறக்க முடியாது. வில்லன் டிராகோவுக்கும் ஒரு கை இல்லை. அவன் அதை உலகத்தின் மேல் கணக்காக எழுதி வைத்திருக்கிறான். இதில் எந்த உடம்பின் மேலும் படம் பரிதாபத்தைக் கொட்டவில்லை. விரல் இழந்தவர்களும் தீக்காயத் தழும்பு உள்ளவர்களும் கடைத்தெருவில் சாதாரணமாக நடமாடுகிற எங்கள் வட்டாரத்தில் இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டாய்க்கின் சாவும் அப்படித்தான். டிராகோ ஏவிய ராட்சதத் தலைமை டிராகனின் ஆணையில் சிக்கிய டூத்லெஸின் கருமணி கோடாகச் சுருங்குகிறது. ஹிக்கப்பை நோக்கி நெருப்பு கிளம்புகிறது, அப்பா குறுக்கே விழுகிறார். மயக்கம் தெளிந்த டூத்லெஸ், என்ன செய்தோம் என்றே தெரியாமல், விழுந்து கிடக்கிற கையை மூக்கால் முட்டுகிறது. வெளியூர் ரசிகர்கள் பலர் டூத்லெஸை மன்னிப்பதா என்று நெடுநாள் வாதாடினார்கள். இங்கே அந்தப் பேச்சே எழவில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் மாண்டது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். மருந்துக்குப் பகை கிடையாது. அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தைக் குவித்ததும், ஓர் அறையில் ஆட்களை அடைத்ததும் யார் என்றுதான் இந்த ஊர் கேட்கும். “டூத்லெஸ் என்ன பண்ணும், ஏவுனவனப் பிடிக்கணும்” என்று ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். வால்கா தன் மகனுக்குச் சொல்கிற ஆறுதலும் ஏறக்குறைய அதுவே.

குறை இல்லாமல் இல்லை. டிராகோவின் சிறுவயதுத் துயரம் இரண்டு வசனத்தில் கடந்துவிடுகிறது. அவன் இன்னும் ஆழமாக எழுதப்பட்டிருக்க வேண்டியவன். அப்பாவின் படகுக்கு எரியும் அம்பு எய்த கையோடு சண்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள் என்கிற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் ஹிக்கப்பும் டூத்லெஸும் மிக விரைவில் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அந்த இடத்தில் கண்ணை மட்டும் பாருங்கள். ஹிக்கப் கையை நீட்டிப் பேசப் பேசக் கருமணி ஒரேயடியாக விரிவதில்லை. கொஞ்சம் விரிந்து, ஆணைக்குக் கட்டுப்பட்டுச் சுருங்கி, மறுபடி விரிந்து, நடுங்கி, அப்புறம்தான் முழு வட்டமாகிறது. ஒரு பெரிய போராட்டம் முழுவதும் விரலகலக் கண்ணுக்குள் நடந்து முடிகிறது.

2015இல் ஆஸ்கர் ‘பிக் ஹீரோ 6’ படத்துக்குப் போனது. ரசிகர்கள் அதை இன்னும் ஆறாமல் பேசுகிறார்கள். அசைவூட்டத் துறைக்காரர்களே வழங்குகிற ஆனி விருதுகளில் இந்தப் படம் ஆறு வாங்கியது. சிறந்த படம், இயக்கம், இசையோடு பாத்திர அசைவூட்டத்துக்கான விருதும் அவற்றில் அடக்கம். தொழில் தெரிந்தவர்கள் அந்தக் கண்ணைப் பார்த்திருக்கிறார்கள்.