வாடகை தவணையைக் கட்டுமா?

சென்னையில் வாடகைக்கு விடுவதற்கென்றே முதன்முதலாக ஒரு ஃபிளாட் வாங்க நினைப்பவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கிறது. சேமிப்பை முன்பணமாகப் போடு, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கு, தவணையை வாடகை பார்த்துக்கொள்ளும், இருபது வருடத்தில் வீடு உனக்கு மிச்சம். மாமா சொல்வதும் இதுதான், வீடு விற்பவர் சொல்வதும் இதுதான். இத்தனை பேர் நம்பும் ஒன்றைக் கேலி செய்து ஒதுக்குவது எளிது, ஆனால் அது திறனாய்வு ஆகாது. ஒரு கோட்பாட்டுக்கு வைக்கும் சோதனைகளையே இதற்கும் வைக்க வேண்டும். உள்ளே முரண் இல்லாமல் நிற்கிறதா? சொன்னதைச் செய்கிறதா? செய்வதாக இருந்தால், அந்தச் சாதனை இந்த முறையினால் வந்ததா, வேறொன்றினால் வந்ததா?

முதல் சோதனை கணக்கு. தென்சென்னையின் விளிம்பில், மேடவாக்கம் போன்ற பகுதியில், 900 சதுர அடியில் இரண்டு படுக்கையறை கொண்ட மறுவிற்பனை ஃபிளாட் ஒன்று 60 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 17,000. வாசகர் தம் பகுதிக்கேற்ப எண்களை மாற்றிக்கொள்ளலாம், விகிதம் பெரிதாக மாறாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5.40 லட்சம் பதிவுத் துறைக்குப் போகிறது. இந்த விலைக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 48 லட்சம் தரும். பத்திரச் செலவைக் கடனில் சேர்க்க முடியாது. எனவே கையிலிருந்து 17.40 லட்சம் வேண்டும். எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 41,650 ரூபாய்.

வாடகைப் பக்கம் வருவோம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடித்தனம் மாறி, அடுத்தவர் வரும்வரை வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால், சராசரியாக ஆண்டுக்கு ஒரு மாத வாடகை போயிற்று. சொத்து வரி, வெள்ளையடிப்பு, பிளம்பர், புரோக்கர் கமிஷன், காலி மாதங்களில் சங்கத்துக்குக் கட்டும் பராமரிப்புத் தொகை எல்லாம் சேர்த்து 27,000 என்று அடக்கமாகவே கொள்வோம். 2,04,000 ரூபாய் வாடகையில் கையில் நிற்பது 1,60,000. போட்ட 65.40 லட்சத்தின் மீது இது இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. முதல் ஆண்டில் வங்கிக்குச் செல்லும் வட்டி மட்டும் 4 லட்சத்துக்கு மேல். வாடகை தவணையைக் கட்டவில்லை, வட்டியில் பாதியைக்கூடக் கட்டவில்லை. மாதாமாதம் சம்பளத்திலிருந்து 28,000 ரூபாய்க்கு மேல் எடுத்துக் கொடுப்பவர், தமக்கு வாடகை வருமானம் வருவதாக நம்பிக்கொண்டிருக்கிறார்.

வாடகை ஏறும், தவணை ஏறாது என்ற எதிர்வாதம் வரும். அதையும் அளந்து பார்க்கலாம். ஆண்டுதோறும் 5 சதவீதம் தவறாமல் ஏற்றினால், 17,000 ரூபாய் வாடகை 41,650ஐத் தாண்டுவது கடனின் இருபதாவது ஆண்டில், அதாவது கடைசி ஆண்டில். அதுவும் இருபது வயதான கட்டடத்துக்குப் புதுக் கட்டடத்தின் வேகத்தில் வாடகை ஏறும் என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டால். தவணை ஏறாது என்பதும் முழு உண்மையில்லை. 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவீட்டோடு கட்டப்பட்டுவிட்டன. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியபோது, தவணை மாறாதவர்கள் பலருக்குத் தவணைக் காலம் நீண்டது.

இந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பதில் கொஞ்சம் விடை இருக்கிறது. 1997இல் வெளியான ராபர்ட் கியோசாகியின் 'ரிச் டாட் புவர் டாட்' நம்மூரில் ஒரு தலைமுறையின் பணச் சிந்தனையை வடிவமைத்தது. பையில் பணம் போடுவது சொத்து, பையிலிருந்து எடுப்பது சுமை என்ற அதன் பிரிப்பு கூர்மையானது, இன்றும் பயன்படுவது. ஆனால் அதை மேற்கோள் காட்டி ஃபிளாட் வாங்கியவர்கள் அந்த அளவுகோலைத் தங்கள் ஃபிளாட்டின் மீது வைத்துப் பார்க்கவில்லை. வைத்திருந்தால் அது சுமைப் பட்டியலில் விழுந்திருக்கும். அமெரிக்காவில் 30 ஆண்டுக்கும் வட்டி மாறாத கடன் சாதாரணம். அங்கே முதலீட்டாளர்கள் முதல் வடிகட்டியாகப் பயன்படுத்தும் வாய்ப்பாடு, மாத வாடகை விலையில் ஒரு சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது. அங்கேயே பல நகரங்களில் இன்று அது எட்டாது. நம் 60 லட்சம் வீட்டுக்கு அது 60,000 ரூபாய் வாடகை. கிடைப்பதோ 17,000. அடிப்படை நிபந்தனை இல்லாத இடத்தில் முறையை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறோம்.

வரிச் சலுகை என்ற தூணும் தேய்ந்துவிட்டது. வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டி இழப்பை முழுவதுமாகச் சம்பளத்தில் கழித்துக்கொள்ள முடிந்த காலம் 2016-17 நிதியாண்டோடு போயிற்று, அடுத்த ஆண்டு முதல் வரம்பு 2 லட்சம் ஆனது. புதிய வரி முறையில் அந்த 2 லட்சமும் கிடையாது. வாடகையின் அளவுக்கு வட்டியைக் கழிக்கலாம், அதாவது வாடகைக்கு வரி வராது, சம்பளத்துக்கு வரி குறையாது. 2024 ஜூலை 23க்குப் பிறகு வாங்கும் வீட்டை விற்கும்போது பணவீக்கத்துக்கேற்ப அடக்க விலையை உயர்த்திக் காட்டும் வசதியும் இல்லை, லாபத்தின் மீது 12.5 சதவீதம் நேரடி வரி. பத்தாண்டுகளுக்கு முன் வாங்கியவரின் அனுபவத்தை வைத்து இன்று வாங்குபவருக்கு அறிவுரை சொல்வது அதனால்தான் பிழையாகிறது.

குறையை மட்டும் அடுக்கினால் தீர்ப்பு நேர்மையாகாது. இந்த முறைக்கு மூன்று உண்மையான நிறைகள் உண்டு. பங்குச் சந்தையில் போட எந்த வங்கியும் சம்பளக்காரருக்கு 48 லட்சத்தை இருபது ஆண்டுக்குத் தராது, வீட்டுக்குத் தரும். மாதம் 28,000 ரூபாய் தானாகச் சேமிக்காத மனிதர், தவணை என்றால் கட்டிவிடுவார். விலை சரிந்த செய்தியைக் காலையில் படித்துவிட்டு மதியம் ஃபிளாட்டை விற்க முடியாது என்பதும் ஒருவகையில் பாதுகாப்புதான். நம் நடுத்தர வர்க்கத்தின் பல குடும்பங்களை நிமிர்த்தியது இந்தக் கட்டாயச் சேமிப்பே என்று ஒப்புக்கொள்ளாத திறனாய்வு பாதித் திறனாய்வு. ஆனால் இந்த மூன்று நிறைகளில் ஒன்றுகூட வாடகையினால் வந்ததில்லை. கடனின் நிறை, ஒழுங்கின் நிறை, எளிதில் விற்க முடியாத நிலத்தின் நிறை. வாடகை இதில் துணைப் பாத்திரம், சுவரொட்டியில் மட்டும் கதாநாயகன்.

கடைசியில் கையில் நிற்கும் ஆதாயமும் நில விலை ஏறுவதால் வருவதே. சாதனை நிலத்தினுடையது என்றால், ஃபிளாட் எவ்வளவு நிலம் தருகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. விளம்பரத் தாளில் நீச்சல் குளம் இருக்கும், சூப்பர் பில்ட்அப் பரப்பு பெரிய எழுத்தில் இருக்கும். கிரையப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில், சொத்து விவரத்தில், மனையில் நமக்குச் சேரும் பங்கைக் காட்டும் பிரிபடாத பாகம் என்று ஓர் எண் இருக்கும். வாங்குகிறவர் முதலில் படிக்க வேண்டிய எண் அதுதான். கட்டடம் தேயும், ஏறுவது அந்தப் பங்கு மட்டுமே. மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப் பரப்புக் குறியீடு 1.5 ஆக இருந்த காலத்தில் கட்டிய 900 சதுர அடி ஃபிளாட்டுக்குத் தோராயமாக 600 சதுர அடி நிலம் சேரும். 2019 கட்டட விதிகள் குறியீட்டை 2 ஆக உயர்த்தின, பங்கு 450 ஆயிற்று. 3.25 வரை அனுமதி பெறும் அடுக்குமாடியில் அது 280க்கு அருகில் இறங்குகிறது. பழைய மாமல்லபுரம் சாலையான ஓஎம்ஆர் பக்கத்து உயரமான கோபுரத்தில் 18ஆவது மாடியில் வாங்குபவர், அதே பணத்தில் குரோம்பேட்டையின் பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் வாங்குபவரைவிடப் பாதி நிலத்துக்கே உரிமையாளர். புதிய கட்டடத்தில் வாடகை சற்றுக் கூடுதலாகக் கிடைக்கலாம். அந்தக் கூடுதலைக் கண்டு மயங்குகிறவர் சூத்திரத்தின் பலமான அங்கத்தை விட்டு, பலவீனமான அங்கத்துக்கு விலை கொடுக்கிறார். 2022இல் இயற்றிய தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வழிவிடுகிறது. அதற்குப் பிறகு பழைய கட்டடத்தின் அந்த 600 சதுர அடி இன்னும் கனம் பெற்றிருக்கிறது.

நடைமுறைத் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், வாடகைக்கு விட்டவர் எவருக்கும் அவை புதிதல்ல. மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு நம் கூரையில் பூக்கும், யார் செலவு என்று சங்கக் கூட்டத்தில் மூன்று மாதம் பேசுவார்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற தெருக்களில் தரைத்தள வீட்டுக்கு இன்றும் பேரம் வேறு. கொரோனாக் காலத்தில் ஐடி ஊழியர்கள் ஊருக்குப் போனபோது, ஒரே தொழிலை நம்பிய சாலை என்ன ஆகும் என்பதை ஓஎம்ஆர் காட்டியது. ஒரு நிறை இங்கே உண்டு. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, எழுத்து ஒப்பந்தமும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவதும் கட்டாயமாகிவிட்டன. பதிந்து வைக்கும் உரிமையாளருக்கு அது பாதுகாப்பு. பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகியவர்களுக்கு, வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாதம்தான் என்ற விதி கசக்கிறது. என் பார்வையில் அந்த விதி நியாயமானதே. குடிவருகிறவரின் அட்வான்ஸை நம்பி நிற்கும் முதலீடு முதலீடே அல்ல.

நம் ஊரிலேயே இதைவிடச் செறிவான ஒரு முறை இருக்கிறது. விளம்பரம் இல்லாததால் அதைத் திறனாய்வில் யாரும் சேர்ப்பதில்லை. சொந்த வீட்டின் மேல் எடுக்கும் மாடிப் போர்ஷன். தாம்பரத்தில் தனி வீடு உள்ளவர் 650 சதுர அடியைச் சதுர அடிக்கு 2,500 ரூபாயில் கட்டினால் 16.25 லட்சம். 11,000 ரூபாய் வாடகை வந்தால் ஆண்டுக்கு 1.32 லட்சம், போட்ட பணத்தில் 8 சதவீதம். காரணம் வெளிப்படை: நிலத்துக்கு இரண்டாம் முறை விலை கொடுக்கவில்லை, பத்திரச் செலவும் இல்லை. அளவான மனையில் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் சிறு வீடுகளுக்கு 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம் அனுமதியையும் இலகுவாக்கியது. குறைகளும் கண்ணுக்குத் தெரிந்தவையே. அஸ்திவாரமும் பில்லரும் மாடியைத் தாங்குமா என்று பொறியாளர் பார்க்க வேண்டும், சுவர் தாங்கும் பழைய வீட்டில் பெரும்பாலும் முடியாது. தனி மின் மீட்டர் போடாவிட்டால் மாதாமாதம் தகராறு. மோட்டார் எப்போது போடுவது, கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவது என்று குடியிருப்பவரோடு தினமும் வாழ வேண்டும். ஆயினும் இந்தத் தொழிலைக் கற்க, வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒரே வாசலில் இருப்பதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

சொந்த மனையோ வீடோ இல்லாதவர், கட்டட வாடகையில் பங்கு வேண்டும் என்றால், 2019 முதல் சந்தையில் பட்டியலாகும் ரீட் எனும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகளின் அலகுகளைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கலாம். அவை அலுவலகமும் வணிக வளாகமும் சார்ந்தவை, விலை தினமும் ஏறி இறங்கும். வாடகை வருமானத்தின் சுவையை அறிய அது போதும், வீட்டுக்கு மாற்றாகாது.

தீர்ப்புக்கு வருவோம். சூத்திரம் வாக்களிப்பது ஒன்று, நிறைவேற்றுவது இன்னொன்று. முதல் ஆண்டின் வட்டியையும், சொந்தப் பணத்தை வைப்பு நிதியில் போட்டிருந்தால் 7 சதவீதம் வந்திருக்கும் என்பதையும் கூட்டி வாடகையைக் கழித்தால், நம் 60 லட்சம் வீட்டின் விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால்தான் வாங்கியவர் நின்ற இடத்தில் நிற்கிறார். அதற்கு முன் பத்திரச் செலவான 9 சதவீதத்தை மீட்க வேண்டும். அதற்குமேல் ஏறும் என்று தெருவை, பட்டாவை, வில்லங்கச் சான்றை, பிரிபடாத பாகத்தைப் பார்த்துத் துணிந்தவர் தாராளமாக வாங்கட்டும். ஆனால் நிலத்தின் மீது பந்தயம் கட்டுகிறோம் என்று தெரிந்தே வாங்கட்டும்.

வாடகை முதலீடு என்ற பெயருக்குத் தகுதி பெற, செலவு போக நிற்கும் வாடகை கடன் வட்டியையாவது கட்ட வேண்டும் என்பதே நான் வைக்கும் குறைந்தபட்ச அளவுகோல். 1,60,000 ரூபாய், எட்டரை சதவீத வட்டியில், 19 லட்சத்துக்கும் சற்றுக் குறைவான கடனைத்தான் தாங்கும். 60 லட்சம் வீட்டுக்கு அதைவிட அதிகக் கடன் தேவைப்படுகிற புதியவர், வாடகையை நம்பி அதை வாங்க வேண்டாம். மாடி எடுக்க இடமிருப்பவர் முதலில் மாடி எடுக்கட்டும்.