மதிலில் ஒட்டிய போர்

போர் தொடுக்கும் முடிவு பெரும்பாலும் பூட்டிய அறையிலே பிறக்கிறது. 1939 செப்டம்பர் 3இல் வைசிராய் லின்லித்கோ இந்தியாவைப் போரில் இறக்கினார். மத்திய சட்டசபையைக் கேட்டாரா? இல்லை!

1801 ஜூன் 16இல் திருச்சியில் நடந்ததோ வேறு. சிவகங்கைச் சின்னமருது கும்பினியாருக்கு எதிரான போரறிக்கையைக் கோட்டையிலே நவாபின் அரண்மனை வாயிலிலும், காவிரிக்கு அப்பால் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டச் செய்தார். கற்றவர் படிக்கலாம், கல்லாதார் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். நவாபு முகமதலி அயலானுக்கு இடங்கொடுத்த பேதைமை, ஒற்றுமையின்மையால் நாடு பறிபோன கொடுமை, குடிகளின் வறுமை ஆகிய காரணங்களை அவ்வறிக்கை ஒளிக்காமல் உரைக்கிறது. முசல்மான்களையும் சேர்த்தே அழைக்கிறது. இதனை நாம் உளமாரப் போற்றுகிறோம்.

எனினும் ஒன்று நெருடுகிறது. அந்த அழைப்பே நால்வருண வரிசையில்தான் நடக்கிறது! அறிக்கையைக் கிழிப்பவன் ஐம்பெரும் பாதகனாம். வெள்ளையனிடம் ஊழியம் புரிவோனுக்கு மறுமையில் நற்கதி இல்லையாம். காரணம் காட்டத் தெரிந்த வீரர் சாபத்தைத் துணைக்கழைப்பானேன்? 'போர் வேண்டா' என்றெண்ணிய உழவன் ஒருவன் இருந்திருப்பின், அவன் மறுமொழிக்கு அம்மதிலில் இடமுண்டா?

அவ்வாண்டு அக்டோபர் 24இல் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். லின்லித்கோவோ, 1943இல் பதவிக்காலம் முடிந்து தம் நாடு திரும்பினார்.